ஒலித்தடங்களைத் தொகுக்கும் முறை

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை ஆங்கிலக் கம்பெனியின் படையிடம் வீழ்ந்தபின், திப்பு சுல்தானின் அரண்மனையில் இசைக்கருவிகள் இருந்த அறையில் ஒரு மரப்புலி கண்டெடுக்கப்பட்டது. மல்லாந்து கிடக்கும் ஓர் ஐரோப்பியன்மீது அது பாய்ந்து நிற்கிறது. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே துருத்திகள் இயங்கும். மனிதனின் அலறலுக்கு ஒரு குழல், புலியின் உறுமலுக்கு வேறொரு குழல். இவற்றோடு, புலியின் வயிற்றுக்குள் பதினெட்டுக் கட்டைகள் கொண்ட ஒரு சிறு ஆர்கன் வாத்தியமும் உண்டு. இன்று லண்டன் மாநகரில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் உள்ள இப்பொம்மையைப் பலரும் படத்தில் பார்த்திருப்பர். அதன் அரசியற் பொருளைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. நாம் இங்கே கவனிக்கவேண்டியது வேறு. அலறலும் உறுமலும் இசையும் கேட்போர் செவியில் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஆயினும் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வழி உடையது. ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஒலிக்கச் செய்யலாம். கணினியில் ஒலியைத் தொகுப்போர் ‘தடம்’ என்றும் ‘டிராக்’ என்றும் வழங்குவது இத்தகைய தனி வழியைத்தான்.

ஒலிப்பதிவு தோன்றிய காலத்தில் தடம் என்ற எண்ணமே கிடையாது. கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒரே கூம்பின்முன் நெருங்கி நின்று, அந்த மூன்று நிமிடத்துக்குள் பாட்டைப் பிழையின்றி முடித்தாகவேண்டும். பிழை நேர்ந்தால் மெழுகுத் தட்டை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மைசூரில் மகாராஜா கல்லூரியின் உளவியற் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935இல் தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை நிறுவி அதற்கு ‘ஆகாசவாணி’ என்று பெயரிட்டாரல்லவா? அந்நாளில் ஒலிபரப்பு என்றால் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்புத்தான். பேசுபவர் இருமினால் ஊரே அந்த இருமலைக் கேட்கும்.

அதே 1935இல் ஜெர்மனி நாட்டில் காந்த ஒலிநாடாக் கருவி பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. உலகப் போருக்குப் பின்னர் அது எல்லா நாட்டு வானொலிகளிலும் இடம்பெற்றது. ஒலியை வெட்டுவதும் ஒட்டுவதும் உண்மையில் அங்கேதான் பிறந்தன. நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நாடாவில் ஒரு நொடிப் பேச்சு 19 சென்டிமீட்டர் நீளத்தில் கண்முன் கிடக்கும். மிருதங்கத்தின் ஓர் அடி நொடியில் பத்தில் ஒரு பங்கு நீடித்தால், அது நாடாவில் இரண்டு விரற்கடைக்கும் குறைவான இடம். தொகுப்பாளர் நாடாவைக் கையாலேயே முன்னும் பின்னும் அசைத்து, வேண்டாத சொல் தொடங்கும் இடத்தைச் செவியால் கண்டு, பென்சிலால் குறியிட்டு, சவர அலகினால் சாய்வாக வெட்டுவார். நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டியது ஏன் என்று கேட்கலாம். சாய்ந்த வெட்டில் பழைய ஒலி சிறிது சிறிதாக மறைய, புதிய ஒலி சிறிது சிறிதாகத் தலைகாட்டும். ஒட்டுப்போட்ட இடம் செவிக்குப் புலப்படாது. கணினி இன்று செய்வதும் இதைத்தான் என்பதைப் பின்னே காண்போம்.

பல தடங்கள் வந்தது அதற்கடுத்த படி. அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் தம் வாசிப்பின்மேல் தாமே மீண்டும் மீண்டும் வாசித்துப் பதிந்து இதற்கு வழிகாட்டினார். எட்டுத் தடங்களை ஒரே அகன்ற நாடாவில் பதியும் கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957இல் அவருக்குச் செய்தளித்தது. தமிழ்நாட்டுத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களோ நெடுங்காலம் பாடகரையும் வாத்தியக் குழுவையும் ஒருசேர அமர்த்தியே பதிந்துவந்தன.

இனிக் கணினிக்கு வருவோம். மைக்கின் வழியே வரும் ஒலி ஓயாது ஏறி இறங்கும் மின்னலை. கணினி அதனை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. ஏன் இத்தனை முறை? மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையில் கேட்க வல்லது. ஓர் அதிர்வைத் தவறாது பிடிக்க அதன் எண்ணிக்கையைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட தடவை அளந்தாக வேண்டும் என்பது கணித விதி. ஆகவே 40,000க்குச் சற்று மேலே வைத்தார்கள். குறுந்தட்டில் ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படும். வலம் இடம் ஆகிய இரு தடங்கள் கொண்ட ஒரு நிமிட இசைக்கு 52,92,000 எண்கள் வேண்டும். இவ்வளவையும் கணினி கணநேரத்தில் எடுத்து, மாற்றி, வைத்துவிடுகிறது. நாடாவில் செவியால் மட்டும் தேடிய இடத்தை இன்று திரையில் அலைவடிவமாகக் கண்ணாலும் காணலாம். 1991இல் நான்கே தடங்களுடன் வெளிவந்த புரோ டூல்ஸ் என்னும் மென்பொருள் இத்துறையில் பெரிய மாறுதலை விளைவித்தது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டியை எவரும் விலையின்றிப் பெறலாம். கற்கத் தொடங்குவோருக்கு அதுவே போதும்.

நாடாவுக்கும் கணினிக்கும் உள்ள தலையாய வேற்றுமை வேறொன்று. நாடாவில் வெட்டினால் வெட்டியதுதான். கீழே விழுந்த துண்டு குப்பைக்கூடைக்குப் போயிற்று என்றால் அது திரும்பாது. இன்றைய தொகுப்பு மென்பொருள்களிலோ பெரும்பாலானவை மூலப் பதிவைத் தொடுவதே இல்லை. ‘இந்தக் கோப்பில் இந்த நொடி முதல் அந்த நொடி வரையில் ஒலிக்கச் செய், பிறகு அதற்குத் தாவு’ என்னும் கட்டளைகளை மட்டுமே எழுதிவைக்கின்றன. வெட்டியதை நாளைக்கே மீட்டுக்கொள்ளலாம். இந்த வசதியால் தொகுப்போர் துணிவு பெற்றனர். சிற்சிலர் துணிவு மிஞ்சியும் போயினர்.

எடுத்துக்காட்டாக, ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பற்றிப் பதினைந்து நிமிட ஒலிச்சித்திரம் ஒன்றைத் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். காவிரி அவ்வூரின் மேற்கே இரண்டாகப் பிரிந்து, தீவைச் சுற்றிவந்து, கிழக்கே சங்கமத்தில் மீண்டும் ஒன்றாகிறது. நம் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான் நடக்கும். முதல் தடம் விவரணையாளரின் குரல். இரண்டாவது, ரங்கநாதர் கோயில் வாசலில் பதிந்த நாகசுரம். மூன்றாவது தவில். நான்காவது சங்கமத்தின் நீரோசை. ஐந்தாவது, சற்று மேற்கேயுள்ள ரங்கனதிட்டில் கூடுகட்டும் காலத்துப் பறவைகளின் ஆரவாரம். ஆறாவது தடத்தை வெறுமையாகவே வைப்போம். அதன் பயன் போகப் போக விளங்கும்.

முதலில் எல்லாவற்றையும் அதனதன் தடத்தில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பெயரும் பதிந்த நாளும் எழுதவேண்டும். அற்பமான வேலை என்று தோன்றும். ‘புதிய பதிவு 17’ என்ற பெயரில் கிடக்கும் கோப்பில் இருப்பது காவிரியா, குழாய்த்தண்ணீரா என்று ஆறு மாதம் கழித்து எவராலும் சொல்லமுடியாது.

அடுத்தது தடங்களை நேர்படுத்துதல். நாகசுரத்துக்கு ஒரு மைக், தவிலுக்கு ஒரு மைக் வைத்துப் பதிந்தோம் அல்லவா? தவிலின் ஓசை நாகசுர மைக்கிலும் விழுந்தே தீரும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். நாகசுர மைக் தவிலுக்கு 3.4 மீட்டர் தொலைவில் இருந்தால், அதே அடி அங்கே நொடியில் நூறில் ஒரு பங்கு பிந்தி விழும். இரு தடங்களையும் அப்படியே கலந்தால் தவிலின் உறுதி குன்றி, குடத்துக்குள் அடித்தாற்போல் கேட்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஓர் அடியின் தொடக்கம் இரு தடங்களிலும் ஒரே செங்குத்துக் கோட்டில் விழுமாறு நகர்த்தினால் குறை பெரும்பாலும் தீரும். பதிவின் தொடக்கத்தில் தவிற்கலைஞரை ஒரே ஒரு தனி அடி அடிக்கச் சொல்லிவைப்பது இவ்விடத்தில் பேருதவியாகும்.

பிறகு வெட்டுதல். விவரணையாளர் ஒரு தொடரை இருமுறை சொல்லிவிட்டார் என்று கொள்வோம். முதலாவதை நீக்கவேண்டும். எங்கே வெட்டுவது? அலை உச்சத்தில் இருக்கும்போது வெட்டினால், அடுத்த துண்டின் முதல் எண்ணுக்குத் திடீரென்று தாவ நேர்ந்து ‘டிக்’ என்ற ஓசை எழும். அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டினால் அது குறையும். அதோடு இரு துண்டுகளையும் சிறிது மேற்படிய வைத்து, ஒன்று தேய ஒன்று வளருமாறு செய்யவேண்டும். பேச்சுக்கு நொடியில் நூறில் ஒரு பங்கு நீளம் போதும். நீரோசைக்கு இரண்டு மூன்று நொடிகள்கூடத் தேவைப்படலாம். நாடாவின் சாய்வு வெட்டு இங்கே எண்களாக மறுபிறவி எடுத்திருக்கிறது.

பேச்சைத் தொகுப்பவர் மூச்சை மதிக்கவேண்டும். தொடருக்கு முன்னால் பேசுபவர் இழுத்துக்கொள்ளும் மூச்சு அத்தொடருக்கே உரியது. அதை விட்டு வெட்டினால் பேசுபவர் இயந்திரமாகிவிடுகிறார். எல்லா மூச்சுகளையும் துப்புரவாக நீக்கிவிட்டு ‘சுத்தமான பதிவு’ என்று பெருமை கொள்வோரும் உண்டு. கேட்பவருக்கோ அப்பேச்சால் மூச்சுத் திணறுகிறது.

ஆறாவது தடத்துக்கு இப்போது வேலை வந்துவிட்டது. எந்த அறைக்கும் ஒரு மௌனம் உண்டு. விசிறியின் மெல்லிய ஓசை, சுவர்களின் எதிரொலி, தொலைவிலுள்ள தெரு, இவை சேர்ந்த மௌனம் அது. இரண்டு துண்டுகளுக்கிடையே உண்மையான வெறுமையை வைத்தால், வானொலிப் பெட்டி நின்றுவிட்டதோ என்று நேயர் திடுக்கிடுவார். ஆகவே பதியும் இடத்தில் ஒருவரும் பேசாமல் ஒரு நிமிடம் நின்று அந்த மௌனத்தையும் பதிந்து வரவேண்டும். அதனை ஆறாவது தடத்தில் பரப்பிவிட்டால் ஒட்டுகள் யாவும் மறையும்.

இதுவரை கூறியவை பேச்சுக்கும் ஓசைக்கும் பொருந்துவன. நம் சங்கீதத்தைத் தொகுக்கும்போதுதான் உண்மையான இடர்ப்பாடு தொடங்குகிறது. இம்மென்பொருள்கள் பெரும்பாலும் மேனாட்டு இசையை மனத்திற்கொண்டு எழுந்தவை. நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று எண் கொடுத்துவிட்டால் திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் விழும். துண்டுகள் அக்கோடுகளில் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். கிளிக் ஓசையைச் செவியில் கேட்டுக்கொண்டே பாடும் திரைப்பாட்டுக்கு இது மிகவும் ஏற்றது. கச்சேரியில் பாடும் வித்துவானோ கிளிக்கைக் கேட்டுப் பாடுவதில்லை. நிமிடத்துக்கு அறுபது தட்டு வீதம் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு நொடி என்று கணக்குச் சொல்லலாம். நிரவலில் அது மயிரிழை தளரும். சுரத்தின் முடிவில் மயிரிழை இறுகும். அந்த நெகிழ்ச்சி பிழையன்று. காலப்பிரமாணத்தின் உயிர் அது. ஆகவே கச்சேரிப் பதிவைத் தொகுப்பவர் முதற்காரியமாகக் கட்டத்தில் ஒட்டும் வசதியை நிறுத்திவிட்டு, கையால் தாளம் போட்டுக்கொண்டே ஒவ்வொரு சமத்திலும் ஒரு குறி வைத்துக்கொண்டு போகவேண்டும். பொறுமையை வேண்டும் வேலைதான்; சுருக்குவழி கிடையாது.

கண்ணை நம்பி ஏமாறும் இடமும் இதுவே. பல கிருதிகளில் சாகித்தியம் சமத்தில் தொடங்குவதில்லை. அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளித்தான் எடுப்பு. திரையில் குரலின் அலை எழும்பும் இடத்தைச் சமம் என்று கொண்டு அங்கே வெட்டி ஒட்டினால் தாளம் தடுமாறும். நேரம் போதவில்லை என்று ஒரு சங்கதியைக் குறைக்க நேர்ந்தால், முழு ஆவர்த்தனமாகவே எடுக்கவேண்டும். அப்போதும் மிருதங்கத்தைக் கேட்காமல் வெட்டலாகாது. மோராவை மும்முறை அடித்துச் சமத்தில் முடிக்கக் கலைஞர் கணக்கிட்டு வைத்திருக்கும்போது, நடுவே ஓர் ஆவர்த்தனம் காணாமற்போனால் அக்கணக்கு முறிந்துவிடும். நூற்றில் தொண்ணூறு பேர் கவனியாமல் இருக்கலாம். மிருதங்கம் வாசித்தவர் தம் வாசிப்பைக் கேட்கும்போது என்ன எண்ணுவார்?

தம்புராவைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. பஞ்சமம், சாரணை இரண்டு, மந்தரம் என நான்கு தந்திகளும் வரிசையாக மீட்டப்படுகின்றன. அந்தச் சுற்று தாளத்துக்குக் கட்டுப்படாதது. குரலின் தாளத்துக்கு ஒத்த இடத்தில் வெட்டினாலும், தம்புராவின் மீட்டு அங்கே பாதியில் அறுபட்டு, பஞ்சமத்தை அடுத்து மந்தரம் வந்து நிற்கும். பழகிய செவி இந்த ஒட்டை உடனே கண்டுகொள்ளும். தம்புராவுக்குத் தனித் தடம் வைத்து, பாடகரிடமிருந்து சற்று விலக்கியும் அமர்த்தினால், மேலே எத்தனை வெட்டு விழுந்தாலும் அத்தடத்தை மட்டும் வெட்டாமல் ஓடவிடலாம்.

1997இல் வந்த ஆட்டோ டியூன் முதலான கருவிகள் சுருதி பிசகிய குரலை அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்து நிறுத்துகின்றன. பன்னிரண்டு கட்டைகளுள் ஒன்றில் ஒவ்வொரு சுரமும் அசையாது நிற்கும் இசைக்கு இது சரி. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிறதா? அசைந்து அசைந்து வருவதே அதன் உருவம். கருவிக்கோ அந்த அசைவு பிசகாகத் தெரியும். அசைவை அது நீக்கிவிட்டால் எஞ்சுவது ஆர்மோனியக் கட்டையில் விரல் வைத்தாற்போன்ற ஒரு சுரம். கமகம் உள்ள இடத்தில் இக்கருவிக்கு இடமில்லை என்றே சொல்வேன். கலையகத்தில் பல டேக்குகளிலிருந்து நல்ல அடிகளைப் பொறுக்கிச் சேர்ப்பதில் தவறொன்றும் இல்லை. அது கலையகப் பதிவு என்று எல்லாரும் அறிவர். இன்ன நாளில் இன்ன சபையில் நடந்த கச்சேரி என்று சொல்லிக்கொண்டு வெளியிடுவதில் அதைச் செய்யலாகாது. கச்சேரிப் பதிவு, அன்று மாலை அவர் பாடியதற்குச் சாட்சி.

தொகுத்து முடித்தபின் மிக்ஸிங், அதாவது கலவை. குரல் வரும்போது இசையைத் தணித்தலும், குரல் ஓய்ந்ததும் உயர்த்தலும் இதில் அடங்கும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கீழே காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிபுரத்தில் பிறந்த பிடில் வித்துவான் டி. சௌடையா, ஒலிபெருக்கி பரவாத நாளில் பெரிய சபையின் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமென்று ஏழு தந்திப் பிடிலை அமைத்துக்கொண்டார். இன்று ஒரு பித்தானை நகர்த்தினால் பிடில் பெரிதாகிவிடுகிறது. பெரிதாக்குவது எளிதாகிவிட்டதால் எல்லாவற்றையும் பெரிதாக்கும் ஆசையும் வந்துவிட்டது. கணினிப் பதிவில் உச்ச வரம்பைத் தாண்டிய அலை மொட்டையாக வெட்டுண்டு கரகரக்கும். அதனை மீட்க இயலாது. பதியும்போதே உச்சத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிறுத்திக்கொள்வது நலம். ஆற்றங்கரைக் காற்றின் உறுமலைக் குறைக்க அடிச்சுருதிகளை வடிகட்டுவதுண்டு. அதை விவரணைத் தடத்துக்கு மட்டும் செய்யவேண்டும். தவில் தடத்துக்கும் செய்தால் தொப்பியின் கனம் போய்விடும்.

இத்தனை வல்லமையும் கைவந்தபின் தொகுப்பாளர் எதிர்நோக்கும் ஒரு கேள்வியைச் சொல்லாமல் விடமுடியாது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்குள் ரங்கநாதர் கோயிலும் இருக்கிறது. இரட்டைத் தூபிகளோடு ஜாமியா பள்ளிவாசலும் இருக்கிறது. மைசூர்–பெங்களூர் ரயில் அத்தீவின் வழியாகவே செல்கிறது. கோயில் மணியைப் பதியப் போன வேளையில் பாங்கொலி கலந்து விழலாம். பாங்கைப் பதியும்போது மணி விழலாம். இரண்டின்மேலும் ரயில் ஊதிச் செல்லலாம். இன்றைய மென்பொருளால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெருமளவு துடைத்துவிடமுடியும். துடைத்த அடையாளம் நேயருக்குத் தெரியவே தெரியாது. நாடாக் காலத்தில் ஒன்றாகக் கலந்துவிட்ட ஒலிகளை எவராலும் பிரிக்க இயலவில்லை. ஆகையால் பதிவு தன்னைத்தானே காத்துக்கொண்டது. இன்று அதனைக் காப்பவர் தொகுப்பாளர் ஒருவரே. விவரணையை மறைக்கும் ரயிலோசையைக் குறைப்பது வசதிக்காகச் செய்வது. ஊரில் நாள்தோறும் கேட்கும் ஓர் ஒலியை, கேட்கவில்லை என்று தோன்றும்படி நீக்குவது அந்த ஊரைப் பற்றிப் பொய் சொல்வதாகும். மணியும் பாங்கும் சேர்ந்து விழுந்த பதிவு கிடைத்தால் அதனை அப்படியே ஒலிச்சித்திரத்தின் தொடக்கத்தில் வைப்பதே என் தேர்வு. ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடையாளம் காட்ட அதனினும் ஏற்றது கிடையாது.

முடித்ததை விலையுயர்ந்த ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடலாகாது. சிறிய வானொலிப் பெட்டியிலும் கைப்பேசியிலும் ஒருமுறை கேட்கவேண்டும். பெரும்பாலான நேயர் கேட்கப்போவது அவற்றில்தான். நீரோசை சிறு பெட்டியில் வெறும் இரைச்சலாகிவிடுவதை அப்போது உணர்ந்து இன்னும் சற்றுத் தணிப்போம்.

கடைசியாகச் சேமிப்பு. நாடா விலையுயர்ந்திருந்த காலத்தில் பழைய பதிவை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவது பல நாட்டு நிலையங்களிலும் வழக்கமாக இருந்தது. பிபிசியும் அதற்கு விலக்கன்று. அவ்வாறு அழிந்தவற்றைத்தான் இன்று ஆராய்ச்சியாளர் தேடி அலைகின்றனர். கணினியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. தொகுத்த பதினைந்து நிமிடத்தை மட்டுமன்றி, வெட்டாத மூலத் தடங்கள் ஆறையும், பதிந்த இடம், நாள், வேளை, கலைஞர் பெயர், மைக் வைத்த தொலைவு ஆகிய குறிப்புகளோடு வைத்திருக்கவேண்டும். தொகுப்புக் கோப்பை மட்டும் வைத்தால் போதாது. அதைத் திறக்கும் மென்பொருள் இருபது ஆண்டுகளுக்குப் பின் இருக்குமோ இராதோ. ஒவ்வொரு தடத்தையும் தொடக்கத்திலிருந்து ஒரே நீளமாக, சுருக்காத ஒலிக்கோப்பாக எழுதி, வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகள் வைப்பது ஆவணக்காப்பாளர்களின் வழக்கம். வெறும் மௌனம் பதிந்த ஆறாவது தடத்தையும் அவற்றோடு சேர்த்தே வைக்கவேண்டும்.